தலையணையின் குளிர்ந்த பக்கம்

ஒரகடம்,
செப்டம்பர் 9.

அன்புள்ள தென்றலுக்கு,

அம்மாவிடமிருந்து தாளில் ஒரு கடிதம் வந்தால் ஆச்சரியப்படுவாய். நான் கடைசியாகத் தபால்தலை வாங்கியது எப்போது என்று எனக்கே நினைவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் இரண்டு நீலக் கோடுகள் விழுகின்றன, பதில் விழுவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை. டண்டியில் இப்போது மணி என்ன, நீ விழித்திருப்பாயா என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பதைவிட எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் தபால் நிலையத்தில் விசாரித்தேன். ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சேர நாளாகும் என்றார்கள். ஆகட்டும்.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நீ நலம் என்று எழுதினால் நான் நம்பமாட்டேன். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மாசி மாதம் அப்பா போனதிலிருந்து நீயாக என்னிடம் ஒன்றைக் கேட்டது போன வாரம்தான். மோப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். உன்னுடன் தங்கியிருக்கும் பெண், ஸ்டாப் மோப்பிங் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள் என்றும் எழுதியிருந்தாய். பொருள் உனக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் இத்தனை வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவளிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வந்தே தீரும்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல், எதிலும் ஒட்டாமல் கிடப்பதுதான் இன்றைய பொருள். நம் வீடுகளில் உம்மென்று இருக்கிறது என்போம். ஆனால் பதினாறாம் நூற்றாண்டில் இந்தச் சொல் எழுத்தில் வரும்போது அதில் கோபமோ பிடிவாதமோ இல்லை. தன் நினைவில்லாமல் நடமாடுவது, எங்கே போகிறோம் என்று தெரியாமல் திரிவது, இதுதான் முதலில் கிடைக்கும் பொருள். பார்வை மங்கியவர்களையும் இந்தச் சொல்லை ஒட்டியே குறிப்பிட்டிருக்கிறார்கள். உம்மணாமூஞ்சி என்பது பிறகு வந்து ஏறிக்கொண்டது. டச்சு மொழியிலும் ஸ்வீடன் நாட்டுக் கிராமத்துப் பேச்சிலும் இதைப்போல ஒலிக்கும் சொற்கள் உண்டு, அங்கிருந்து வந்திருக்கலாம் என்கிறது அகராதி. அகராதிக்காரர்கள் 'இருக்கலாம்' என்று எழுதினால் தெரியவில்லை என்று அர்த்தம். வருத்தத்தில் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு முன்னே நீளுமே, அதிலிருந்தே இந்த ஒலி பிறந்திருக்கலாம் என்றும் ஓர் ஊகம் இருக்கிறது. சொல்லிப் பார், உதடு ஒட்டாமல் சொல்ல முடியாது. நான் இதை முழுக்க நம்பவில்லை. ஒலியை வைத்துக் கதை கட்டுவது யாருக்கும் சுலபம்.

இதற்குச் சொந்தம் என்று சொல்லப்படும் இன்னொரு சொல் மம்ப்ஸ். கன்னம் வீங்கிய குழந்தை கோபித்துக்கொண்டதைப்போல் தெரிவதால் அந்த நோய்க்கு அந்தப் பெயர். நாம் பொன்னுக்கு வீங்கி என்கிறோம். பொன் வேண்டும் என்று முகம் வீங்குகிறதாம். உனக்கு ஒன்றாம் வகுப்பில் அது வந்தபோது அப்பா என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொல்லி உனக்குப் போட்டுவிட்டார். வைரஸுக்குத் தங்கம் என்ன செய்யும் என்று கேட்டேன். வைரஸுக்கு ஒண்ணும் செய்யாது, பாப்பாவுக்குச் செய்யும் என்றார். நீ சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்கினாய். வீக்கம் எப்படியும் இறங்கியிருக்கும் என்பதுதான் இன்றும் என் கருத்து.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. ஹாஸ்டலில் வார்டன் வேலை பழகிவிட்டது. படப்பை வீடு பூட்டியே இருக்கிறது. ஸ்ரீதர் சித்தப்பா பார்க்கும்போதெல்லாம் சண்டை போடுகிறார். இன்னா அண்ணி, சொந்த வூட்டைப் பூட்டிப்போட்டு ஊரான் ஹாஸ்டல்ல குந்திக்கினு கீறீங்க, பாக்கறவன்லாம் என்னைத்தான் கேக்கறான் என்கிறார். கல்லூரியில் மாணவர் குறைந்து எங்களை அனுப்பிவிட்ட பிறகு ஒரு வேலை வேண்டியிருந்தது, இங்கே தங்க அறையும் தருகிறார்கள் என்று சொன்னேன். அது உண்மைதான். நம் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பஸ் நிறுத்தம் தெரியும் என்பதும் உண்மை. கம்பெனி பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கிய பிறகும் அப்பா இறங்காமல் இருந்து, தூங்குகிறார் என்று நினைத்து டிரைவர் தோளைத் தட்டிய இடம் அது. அந்த பஸ் இன்றும் தினமும் சாயங்காலம் அங்கேதான் வந்து நிற்கிறது.

உன் கேள்வி வந்த மறுநாளே அந்தச் சொல் இங்கேயும் என் காதில் விழுந்தது. எங்கள் ஹாஸ்டல் பெண்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் லோகேஷ் என்று ஒரு பையன். மாரிசெல்வி என்ற பெண்ணைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருந்தான். தென்காசிப் பக்கத்துப் பெண், நல்ல வேலைக்காரி. இப்போது சில வாரமாக யாரோடும் பேசுவதில்லை, தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் செருப்பு அடுக்கும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். லோகேஷ் சொன்னது: மேடம், அந்தப் பொண்ணு எப்பப் பாரு மோப் பண்ணிக்கினே கீது, அதப் பாத்து மொத்த லைனும் டல்லாவுது, இந்த மாசக் கடைசிக்குள்ள சரியாவலேன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க, நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்க.

இங்கே சமையலும் துப்புரவும் பார்க்கும் பாஞ்சாலி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, மாப்பா, காலைலதானே மொத்தத் தரையும் தொடைச்சேன் என்றாள். லோகேஷ் விளக்கினான். அவள் கேட்டுவிட்டு, மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீதுன்னு சொல்லிட்டுப் போயேன், அதுக்கு ஒரு இங்கிலீசா என்று கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

பேசிப் பார்க்கிறேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். பேசினால் சரியாகும் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். ஹீட்டரைப் போட்டுக்கொள், மிச்சம் பிடிக்காதே. சோறு வடிக்கச் சோம்பலாக இருந்தால் முட்டையாவது அவித்துச் சாப்பிடு. இந்தக் கடிதம் கிடைத்ததென்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும்.

அம்மா.


ஒரகடம்,
செப்டம்பர் 27.

தென்றலுக்கு,

உன் செய்தி வந்தது. கிடைத்தது, படித்தேன் என்று இரண்டு சொல். சற்று நேரம் கழித்து, அந்தப் பெண் என்ன ஆனாள் என்று இன்னொரு வரி. அந்த இன்னொரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இங்கே படுக்கை எப்படி என்று சொல்ல வேண்டும். ஹாஸ்டலில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி பகல் ஷிப்ட் போனால் மற்றவள் இரவு ஷிப்ட். ஒருத்தி எழுந்து போன கட்டிலில் மற்றவள் வந்து படுப்பாள். வாரம் மாறினால் ஷிப்ட் மாறும், கட்டில் மாறாது. காலையில் கம்பெனி பஸ் இரவு ஷிப்ட் பெண்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பகல் ஷிப்ட் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். ஒரே கட்டிலில் தூங்குகிற இருவர் ஒருவரையொருவர் பார்ப்பது அந்த பஸ் படியில்தான். ஒருத்தி இறங்குவாள், ஒருத்தி ஏறுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவரும் இருப்பார்கள். அன்றைக்கு, இரவு ஷிப்ட் முடித்து வந்தவளுக்குக் கட்டில், மற்றவள் வெளியே எங்காவது உட்கார்ந்துகொள்ள வேண்டியது என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம்.

மாரிசெல்வியை அறைக்கு அழைத்துப் பேசினேன். வகுப்பில் பேசுவதைப்போலத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். சரி மேடம், சரி மேடம் என்றாள். போய் மறுபடியும் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதே கட்டிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தர்மபுரிப் பெண் வேறு ஒரு புகார் கொண்டுவந்தாள். மேடம், ஞாயித்துக்கெழம நான் படுத்தா அந்தக்கா வாசப்படில வந்து நின்னு பாக்குது, என்னான்னு கேட்டா போயிருது, எனக்குத் தூக்கமே வரல என்றாள். கண் சிவந்திருந்தது. அவளும் பாவம், விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வருகிற பிள்ளை.

ஒரு நாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மேல்மாடிக்குப் போனேன். மாரிசெல்வி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விரிப்பை உதறி இழுத்துவிட்டாள், தலையணையை எடுத்துத் திருப்பிப் போட்டாள், நடுவில் ஒரு தட்டுத் தட்டினாள். எதற்குத் திருப்புகிறாய் என்று சும்மாதான் கேட்டேன். நான் படுத்த பக்கம் சூடா இருக்கும்லா மேடம், அவ வந்து படுக்கையில தலமாடு குளுந்து கிடக்கணும்லா என்றாள். புதுப் பெண்ணைச் சொல்கிறாள் என்று நினைத்து, நல்ல பழக்கம் என்றேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம், முப்பிடாதிக்குச் சூடு ஆகாது மேடம் என்றாள்.

முப்பிடாதி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இரவு ஷிப்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தபோது ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்று லீவு போட்டுவிட்டுப் போனாள். போகும்போதே காய்ச்சல் இருந்திருக்கிறது. மஞ்சள் காமாலை என்று கண்டுபிடிப்பதற்குள் முற்றிவிட்டது. அவள் இறந்த செய்தி அவளோடு இரவு ஷிப்டில் இருந்த பெண்களுக்கு வேலை நேரத்தில் போனில் வந்தது. அவர்கள் அங்கேயே அழுதார்கள், வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்கள், செல்போனில் அவள் படத்தை வைத்துக்கொண்டார்கள். அந்த வாரம் பகல் ஷிப்டில் இருந்த மாரிசெல்விக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இருவரும் ஒரே ஊர் இல்லை, ஒரே லைன் இல்லை, சேர்ந்து ஒரு சினிமாவுக்குக்கூடப் போனதில்லை. கட்டில் ஒன்று என்பது யார் நினைவிலும் இல்லை. என் நினைவிலும் இல்லை.

கொடை முடிந்திருக்கும், திரும்பியிருப்பாள், ஊரிலிருந்து நேரே வேலைக்குப் போயிருப்பாள் என்று மாரிசெல்வி அன்று காலையில் பஸ் படிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கடைசிப் பெண்ணும் இறங்கினாள். ஏட்டி, அவ எங்க என்று இவள் கேட்க, உனக்குச் சொல்லலியா, அவ செத்துட்டாளே என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். பின்னால் நின்றவர்கள், ஏறுளா நேரமாச்சு என்று தள்ளியிருக்கிறார்கள். மாரிசெல்வி ஏறி, வேலைக்குப் போய், ஷிப்ட் முடியும்வரை நின்று வேலை செய்திருக்கிறாள்.

அவள் இதைச் சொல்லும்போது என் மனது படப்பை நிறுத்தத்துக்குப் போய்விட்டது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாள் முப்பிடாதி வீட்டுக்குப் போய்வர லீவு கேட்டிருக்கிறாள். சாவுக்கு லீவு சொந்தத்துக்கு மட்டும்தான் உண்டாம். அலுவலகத்தில், இறந்த பெண் உனக்கு என்ன உறவு என்று கேட்டிருக்கிறார்கள். ஒரே கட்டிலு சார் என்று சொல்லியிருக்கிறாள். அங்கே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். லோகேஷும் இருந்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் அவள் பேச்சு நின்றது.

அவளிடம் முப்பிடாதி எப்படிப்பட்டவள் என்று கேட்டேன். எனக்குத் தெரியாது மேடம், பேசினதே கொஞ்சம் என்றாள். பிறகு தானாகவே, எண்ணெய்க்காக வைவா என்றாள். மாரிசெல்வி தலை நிறைய தேங்காயெண்ணெய் வைப்பவள். பஸ் படியில் முப்பிடாதி ஒரு நாள், ஏட்டி, செக்கையே தலையில கவுத்துட்டா படுக்க, என் கனவெல்லாம் வழுக்குது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாளாம். சொல்லும்போது மாரிசெல்விக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. வரவில்லை. இப்போது அவள் தலை வறண்டு பறக்கிறது.

லோகேஷைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் கெட்டவன் இல்லை. எனக்கு இன்னா மேடம் தெரியும், ஃப்ரெண்டுன்னு சொல்லியிருந்தாகூட எதனா பண்ணியிருக்கலாம், கட்டிலுன்னா எவன் ஒத்துக்குவான் என்று தலையைச் சொறிந்தான். எழுதிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். கேட்டான். முடியாது என்றுவிட்டார்கள்.

நான் அவளை முப்பிடாதி வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். லீவு இல்லாமல் போனால் வேலை நிலைக்காது என்று அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். போவோம் மேடம் என்றாள். சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. எழுத முடியாவிட்டால் பரவாயில்லை.

இங்கே மழை தொடங்கிவிட்டது. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று எல்லோரும் ஏரிக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அம்மா.


படப்பை,
அக்டோபர் 19.

என் தென்றலுக்கு,

மேலே ஊரைக் கவனித்திருப்பாய். அதற்குப் பிறகு வருகிறேன்.

போங்கம்மா என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருந்தாய். போய்வந்தோம்.

துக்கம் கேட்கப் போவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பது உனக்குத் தெரியும். அப்பாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர், எப்படிப் போச்சு, யார் பார்த்தது, உடனே தூக்கியிருந்தா பொழைச்சிருப்பாரோ என்று என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். சுந்தராம்பாள் அத்தை, நான் அழவில்லை என்பதை எனக்குக் கேட்கும்படியே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கடைசிநாள் காரியம் முடிந்ததும் இனி யாரும் வரவேண்டாம் என்று கதவைச் சாத்தினேன். ஆகவே மாரிசெல்வியோடு பஸ்ஸில் உட்கார்ந்தபோது, இதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வீடு. முப்பிடாதியின் அம்மா சந்திரம்மாள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ஹாஸ்டல் வார்டன் என்று என்னைச் சொல்லிக்கொண்டேன். வாங்க என்றார், கை நிற்கவில்லை. கம்பெனியிலிருந்து ஏதோ கையெழுத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். மாரிசெல்வி வாசலிலேயே நின்றாள். இவள், என்று ஆரம்பித்தேன். மேலே என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அவள்தான் சொன்னாள், ஒரே கட்டிலு என்று.

அந்த அம்மாவின் கை நின்றது. தலையாணியத் திருப்பிப் போடுத பிள்ளையா நீ என்று கேட்டார். தட்டு சரிந்து புகையிலைத்தூள் தரையெல்லாம் சிந்தியது. எழுந்து வந்து மாரிசெல்வியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எந்நேரமும் உன் பேச்சுத்தானளா, எனக்கு அங்க ஒருத்தி தலமாட்டக் குளுர வச்சுட்டுப் போவாம்மா, மூஞ்சியக்கூட சரியாப் பாக்க முடியலன்னு சொல்லுவாளே என்றார். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, எம்பிள்ள கட்டில்காரி வந்திருக்கா, வந்து பாருங்க என்றார். சிரிப்பதற்கு அங்கே யாரும் இல்லை. எல்லோரும் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

பிறகு அந்த அம்மா கேட்டார். எப்படிச் செத்தாள் என்பது அவருக்குத் தெரியும், அதை யாரும் பேசவில்லை. சொல்லுளா, எம்பிள்ள அங்க எப்படி இருந்தா என்றுதான் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று என்னிடம் சொன்ன பெண் அன்று மத்தியானம் முழுக்கப் பேசினாள். தலையணையில் ஒட்டியிருக்கும் முடி எவ்வளவு நீளம், விரிப்பில் மஞ்சள் வாசம் எப்படி அடிக்கும், காலை நீட்டிப் படுக்கிறவள் என்பது விரிப்பின் கசங்கலில் எப்படித் தெரியும், மழைநாளில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தன் குடையை எப்படி இவள் கையில் திணித்துவிட்டு ஓடினாள், எண்ணெய்க்கு என்ன சொன்னாள், எல்லாம். கனவு வழுக்குகிறது என்பதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் மாரிசெல்வி அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. நான் எழுந்து வெளியே குழாயடியில் போய் நின்றுகொண்டேன்.

கிளம்பும்போது நான் பழக்கதோஷத்தில், போய்ட்டு வரோம் என்று வாயெடுத்தேன். மாரிசெல்வி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும். படி இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

வேலை போய்விட்டது. திரும்பி வந்த அன்று கம்பெனி வாசலில் அவள் அட்டையைக் காட்டினாள், கதவு திறக்கவில்லை. நான் ஒண்ணும் பண்ணல மேடம், சிஸ்டமே தூக்கிட்டுது என்று லோகேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அழைத்துப் போக அவள் அப்பா அய்யாத்துரை வந்தார். பிள்ள எதும் தப்புத்தண்டா பண்ணிட்டாளா மேடம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இல்லை, கூட இருந்த பெண் இறந்துபோனாள், அந்தத் துக்கத்தில் இருந்தாள் என்றேன். அதுக்கு எதுக்கு வேலைய விட்டு எடுத்தாவ என்று கேட்டார்.  மாரிசெல்வி தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். மாடிக்கு ஒருமுறை போய்விட்டு வந்து, பையை எடுத்துக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நடந்தாள். என்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவளை அழைத்துப் போனது நல்லதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நேற்று தர்மபுரிப் பெண் வந்து, மேடம், அந்தக்கா இருந்தப்ப தலையணை ஜில்லுன்னு இருக்கும், இப்ப வந்திருக்கற அக்கா படுத்தா சூடு இறங்கவே மாட்டேங்குது என்றாள். அதன் காரணம் அவளுக்குத் தெரியாது. நான் சொன்னேன். போய்த் தன் ஷிப்டுக்குக் கிளம்பும்போது திருப்பிப் போட்டாளா என்று பார்க்கவில்லை.

தென்றல், நீ கேட்ட சொல்லுக்கு முதல் கடிதத்தில் நான் எழுதியது சரிதான், அதில் மாற்றம் ஒன்றுமில்லை. உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணும் கெட்டவளாக இருக்கமாட்டாள். அவளுக்கு உன் அப்பாவைத் தெரியாது. அவர் சங்கிலியைக் கழற்றச் சொன்னது தெரியாது. அவள் கண்ணில் படுவது நீ சாத்திக்கொண்டிருக்கும் உதடுகள் மட்டும்தான். அப்பாவை எடுத்த அன்று ஸ்ரீதர் சித்தப்பா தன் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க, புதுப்பிக்கக் கொடுத்த விசா கைக்கு வராமல் அங்கே நீ தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாய். பார்த்து முடித்ததும் உன் வாசலுக்கு ஒருவர்கூட வந்திருக்கமாட்டார்கள். மறுநாள் வகுப்புக்குப் போயிருப்பாய். அந்த ஊரில் அது யாருக்கும் தெரிந்திருக்காது. இங்கே என்னிடம் அத்தனை பேர் வந்தார்கள். உன்னிடம் துக்கம் கேட்க யாருமே வரவில்லை.

நான் கேட்கிறேன். எனக்கு இது பழக்கமில்லை, தவறாகக் கேட்டால் பொறுத்துக்கொள். எப்படிப் போனார் என்று கேட்கமாட்டேன். உன் அப்பா உன்னிடம் எப்படி இருந்தார்? நீங்கள் இருவரும் போனில் பேசும்போது நான் அடுப்படியில் இருப்பேன், நீங்கள் சிரிப்பது மட்டும் கேட்கும். எதற்குச் சிரித்தீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. கடைசியாக உன்னிடம் என்ன பேசினார்? எனக்குத் தெரியாத நடேசன் ஒருவர் அப்பாவாக உன்னிடம் இருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்லு. எழுது, இல்லாவிட்டால் போன் செய். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

வீட்டைத் திறந்துவிட்டேன். ஹாஸ்டலுக்கு இங்கிருந்தே போய்வருகிறேன். முதல் நாள் சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பஸ் வந்து நின்று, எல்லோரும் இறங்கி, அது கிளம்பிப் போகிற வரைக்கும் நின்றேன். நிற்க முடிந்தது. ஸ்ரீதர் சித்தப்பா வந்து பார்த்துவிட்டு மோட்டாரைப் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்றிவிட்டுப் போனார்.

உன் அறையைப் பெருக்கி, விரிப்பு மாற்றியிருக்கிறேன். நீ எப்போது வருவாய் என்று கேட்கவில்லை, விசாவும் படிப்பும் எனக்குப் புரியாதவை அல்ல. தினமும் காலையில் உன் தலையணையைத் திருப்பிப் போடுகிறேன். 

துக்கம் கேட்க வந்தவள் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அதனால் இப்படியே நிறுத்துகிறேன்.

அம்மா.